திருகோணமலையில் வீட்டைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போகும் முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் நினைப்பது கள்ளனைத்தான். புதுப் பூட்டு வாங்குவார்கள், கேற்றுக்குச் சங்கிலி போடுவார்கள், அதோடு மனம் ஆறிவிடும். ஆனால் திருகோணமலையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கள்ளனை விட அடிக்கடி வருகிற ஆட்கள் வேறு. உப்புக் காற்று, இடி மின்னல், நிரம்பி வழியும் தண்ணீர்த் தாங்கி, நுளம்பு, குரங்கு. இவற்றில் ஒன்றும் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பூட்டுக்குப் பின் வரிசைதான். முன் வரிசை, நீங்கள் இல்லாத நாட்களில் வளவுக்குள் வந்து போகப்போகிற ஓர் ஆளுக்கு.

எந்த மாதத்தில் போகிறீர்கள்?

மற்ற ஊர்களுக்கு எழுதிய பட்டியல்கள் இங்கே பாதிதான் பொருந்தும். கிழக்குக் கரையின் மழை, வெயில் கணக்கே வேறு.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டிலும் மேற்கிலும் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக வந்து சேரும். ஓகஸ்ட் விடுமுறையில் நல்லூருக்கோ மடுவுக்கோ போகிறவர்களின் வீடு இந்தக் காலத்தில்தான் பூட்டிக் கிடக்கிறது. காய்ந்த மட்டை, தேங்காய், புழுதி, செத்துப்போகும் பூச்செடி, குப்பை எரிக்கும்போது பறந்து வரும் நெருப்புப் பொறி, இவைதான் அப்போதைய கவலைகள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். டிசம்பர்ப் பள்ளி விடுமுறை சரியாக இதன் நடுவில் விழுகிறது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரை ஏறியது. நவம்பர், டிசம்பரில் வீட்டை விட்டுப் போகிறவர் வெள்ளத்தையும் புயலையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சித்திரை விடுமுறைக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு: பின்னேரத்து இடி மின்னல். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான் அது உச்சத்தில் இருக்கும்.

உங்கள் பயணம் எந்தக் காலத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு, கீழே உள்ளதில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்: திறப்பு யாரிடம்?

பூச்சட்டிக்கு அடியிலும் மீற்றர் பெட்டிக்குள்ளும் திறப்பை ஒளித்து வைப்பது ஊருக்கே தெரிந்த இரகசியம். திறப்பை ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

யாரிடம் என்பதற்கு இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது. பல ஒழுங்கைகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். நம் ஆட்கள் எல்லோரும் ஒரே நாட்களில்தான் கிளம்புவார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குத் தமிழ் வீடும் சிங்கள வீடும் சேர்ந்தே பூட்டிக் கிடக்கும். அப்போது முஸ்லிம் அயலவர் வீட்டில் இருப்பார். அவர்கள் பெருநாளுக்கு உறவினர் வீடு போகும்போது நாம் இருப்போம். வேறு நாட்காட்டி உள்ள அயலவரோடு திறப்பை மாற்றிக்கொள்வதுதான் என் கணக்கில் ஆகச் சிறந்த பாதுகாப்பு. இன்னொரு திறப்பு வேறு தெருவில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

கொடுக்கும்போது "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னால் அவர் கேற்றடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மேல் பிழை இல்லை. வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள். "அக்கா, நாங்கள் வெள்ளிக்கிழமை போறம். கிழமையில ரெண்டு நாள் வந்தாக் காணும். முத்தத்தைக் கூட்டி, யன்னலை ஒரு மணித்தியாலம் திறந்து விட்டு, கக்கூசுக்குத் தண்ணி ஊத்தி, ட்ரிப் சுவிச் விழுந்திருக்கோ எண்டு பாத்துவிடுங்கோ." இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டிவிட்டால் அவருக்கும் லேசு. தண்ணீர் மீற்றர் வால்வ் எங்கே, மெயின் சுவிச் எங்கே என்று ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தாளின் அடியில் உங்கள் தொலைபேசி எண், தெரிந்த எலக்ட்ரீசியனின் எண், பொலிஸ் அவசர எண் 119, மின்சார சபை 1987, நீர் வழங்கல் சபை 1939, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

கிழமையில் ஒரு தரமாவது ஆள் வர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் கள்ளன் இல்லை, நுளம்பு. டெங்கு நுளம்பின் முட்டை பொரித்து, புழுவாகி, பறக்கிற நுளம்பாக மாற ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதற்குள் ஒரு தடவை ஆள் வந்து தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணக்கு முறிந்துவிடும்.

அயலவருக்குக் கூலி பேச வேண்டாம், அது உறவைக் கெடுக்கும். யாழ்ப்பாணம் போய் வந்தால் பனங்கட்டியோ புழுக்கொடியலோ ஒரு பொதி, நுவரெலியா என்றால் மரக்கறி. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான்.

கூரை, மரம், பீலி

இதைக் கடைசி நாளுக்கு விட முடியாது. ஏறுகிற ஆள் கிடைக்க வேண்டும்.

வளவில் தென்னை இருந்தால் போவதற்கு முந்தின கிழமையே முற்றிய காய்களைப் பிடுங்கி, காய்ந்த மட்டைகளை வெட்டிவிடச் சொல்லுங்கள். கச்சானிலும் விழும், வாடையிலும் விழும். ஓட்டு வீட்டில் ஒரு தேங்காய் விழுந்தால் இரண்டு ஓடு உடையும். ஆள் இருக்கும் வீட்டில் அன்றைக்கே மாற்றிவிடலாம். பூட்டிய வீட்டில் அந்த ஓட்டை வழியாக இரண்டு கிழமை மழை சீலிங்குக்குள் இறங்கும். மின்கம்பியைத் தொடும் கிளைகளை மட்டும் நீங்களாக வெட்டாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

பீலிக்குள் வேப்பிலையும் மாவிலையும் நிறைந்திருந்தால் மழைத் தண்ணீர் சுவர்ப் பக்கம் வழியும், மிச்சம் நுளம்புக்குத் தொட்டிலாகும். ஒருமுறை அள்ளி எடுத்து, வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழ்க்குழாயால் ஓடி வந்தால் சரி.

குரங்கு உள்ள பகுதி என்றால் ஓட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். பழுத்த மாங்காய், வாழைக்குலை, பப்பாசி எதையும் மரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குள் அவற்றை இழுப்பது பசி. சமையலறை ஜன்னலில் கண்ணாடிக் கதவு மட்டும் இருந்து கம்பி வலை இல்லாவிட்டால் இதுதான் அடிக்க வேண்டிய நேரம். சீலிங்கில் மரநாய் குடியிருக்கும் வீடுகளில் அது நுழையும் துவாரத்தை, அது வெளியே போயிருக்கும் இரவு நேரத்தில், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு அடைக்க வேண்டும். பகலில் அடைத்தால் உள்ளேயே செத்து நாறும்.

தம்பலகாமம், கன்னியா, கந்தளாய்ப் பக்கம் வயல் சார்ந்த வீடுகளுக்கு ஒரு விசேட குறிப்பு. நெல் மூட்டையை வெறும் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நெல், அரிசி, உப்பு வாசத்துக்கு யானை சுவரையே இடிக்கும். ஆள் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவதுதான் வழி.

மின்சாரம்: எதை அணைப்பது, எதை விடுவது

நான் கூடுதலாக எழுதப்போவது இதைப்பற்றித்தான். இங்கேதான் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள்.

முதலில் ட்ரிப் சுவிச்சை, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிச்சை, சோதியுங்கள். அதில் சின்னதாக ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அமத்தினால் டக் என்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ட்ரிப் உங்களைக் காப்பாற்றாது, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றிவிட்டுத்தான் பயணம். கடற்கரைக்குக் கிட்டிய வீடுகளில் உப்பு ஏறி உள்ளே இறுகிப்போவது சகஜம்.

அடுத்தது பிளக். சுவிச்சை அணைத்துவிட்டுப் பிளக்கை அப்படியே விடுவது மின்னலுக்குப் போதாது. சுவிச்சுக்குள் இருப்பது சில மில்லிமீற்றர் இடைவெளி. கம்பியில் ஏறி வரும் மின்னல் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். தொலைக்காட்சி, ரவுட்டர், கம்பியூட்டர், மைக்ரோவேவ், வோஷிங் மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி வெளியே தொங்க விடுங்கள். தொலைக்காட்சிக்கு வரும் அன்டெனா அல்லது டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை மறந்தால் பாதி வேலைதான். செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்தால் அதுவும் அப்படியே. பைபர் இணைப்பில் கேபிள் மின்சாரம் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் கடத்தும்.

அப்புறம் மெயினை முழுவதும் அணைப்பதா என்ற கேள்வி. பிரிட்ஜ், சி.சி.டி.வி., வெளி விளக்கு எதுவும் ஓடத் தேவையில்லை என்றால் அணைத்துவிடுவதே நல்லது. எலி வயரைக் கடித்தாலும் கவலை இல்லை. ஆனால் கூரையில் சோலர் போட்டு மின்சார சபைக்கு விற்கிறவர்கள் மெயினை அணைக்கக் கூடாது. அந்த இன்வேட்டர் சபையின் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். மெயின் விழுந்தால் சோலரும் படுத்துவிடும், நீங்கள் இல்லாத நாட்களில் கிடைக்க வேண்டிய யூனிட் முழுவதும் வீண். வீட்டுக்குள் போகும் சுற்றுகளை மட்டும் அணைத்து, சோலர்ச் சுற்றை விடுங்கள். எந்த பிரேக்கர் எதற்கு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் திறப்பு வைத்திருப்பவருக்கும் உதவும். 2025 சித்திரைப் புதுவருட விடுமுறையில் நாட்டில் மின்பாவனை குறைந்திருந்ததால், கூரை சோலரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்படி மறுபடியும் ஒரு வேண்டுகோள் வந்தால் போய் அணைக்கவும் ஆள் வேண்டும்.

வெளி விளக்கை இரவு பகலாக எரிய விடாதீர்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விறாந்தையில் எரியும் பல்ப், ஆள் இல்லை என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் அணையும் எல்.ஈ.டி. பல்ப் கடைகளில் கிடைக்கிறது. முன்னுக்கு ஒன்று, கிணற்றடிப் பக்கம் ஒன்று. சி.சி.டி.வி. வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் கமெராவும் ரவுட்டரும் சேர்ந்தே போகும் என்பதை மறக்க வேண்டாம். சின்ன யூ.பி.எஸ். ஒன்று சில மணித்தியாலம் தாங்கும்.

பிரிட்ஜும் மீனும்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்தது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அது சில மணித்தியாலத்தில் வந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்கு ஆபத்து நாடு தழுவிய இருட்டு அல்ல, உங்கள் வீட்டு ட்ரிப் மட்டும் விழுவது. ஒரு இடிக்கு ட்ரிப் விழும். ஆள் வந்து தூக்கும் வரை அது விழுந்தபடியே கிடக்கும். அயலில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், உங்கள் பிரிட்ஜில் பாரையும் இறாலும் உருகிக்கொண்டிருக்கும். அந்த நாற்றம் பிரிட்ஜின் ரப்பருக்குள் ஏறினால் மாதக்கணக்கில் போகாது.

அதனால் ஐந்தாறு நாளுக்கு மேல் என்றால் மீன், இறைச்சி, பால் எல்லாவற்றையும் முடித்து அல்லது கொடுத்துவிட்டு, பிரிட்ஜை அணைத்து, உட்பக்கம் துடைத்து, கதவு மூடாமல் ஒரு சுருட்டிய துணியை இடையில் வையுங்கள். மூடிவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கத்துத் தட்டில் தேங்கிய தண்ணீரை இழுத்து எடுத்துக் கொட்ட வேண்டும். பலருக்கு அந்தத் தட்டு இருப்பதே தெரியாது. நுளம்புக்குத் தெரியும்.

குறைந்த நாளுக்குப் போய், பிரிட்ஜை ஓட விடுகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். ஒரு கோப்பைத் தண்ணீரை ஐஸாக்கி, அதன் மேல் ஐந்து ரூபாக் குற்றியை வைத்து பிரீசரில் விடுங்கள். திரும்பி வரும்போது குற்றி மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அடியில் கிடந்தால் ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் மீனைத் தொடாமல் எறிந்துவிடுங்கள்.

தண்ணீர், கக்கூஸ், நுளம்பு

குழாய்த் தண்ணீர் இணைப்பின் மீற்றரடி வால்வை மூடுங்கள். தாங்கிக்குள் மிதக்கும் போல் வால்வை நம்பிப் போக வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் ஏறி அது இறுகினால் தாங்கி இரவு பகலாக வழியும், பில் வரும்போதுதான் தெரியும். கிணற்று மோட்டரின் பிளக்கையும் கழற்றுங்கள். பூங்கன்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அயலவர் தாங்கியில் உள்ளதை எடுக்கலாம்.

வெயில் காலத்தில் கவனிக்க வேண்டிய விசயம் குளியலறை வடிகால். குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்பதால்தான் குழியின் மணமும் கரப்பானும் மேலே வருவதில்லை. கச்சான் வெக்கையில் அது இரண்டு மூன்று கிழமையில் வற்றிவிடும். போகும்போது ஒவ்வொரு வடிகாலுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நிற்பதால் தண்ணீர் லேசில் ஆவியாகாது. கொமட் மூடியை மூடி வையுங்கள், சிஸ்டன் மூடியில் வெடிப்பு இருந்தால் பொலித்தீன் போட்டுக் கட்டுங்கள்.

டெங்கை லேசாக எடுக்கக்கூடாத மாவட்டம் இது. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. நீங்கள் ஊரில் இல்லை என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லக்கூடிய சமாதானமாக இருக்காது. சிரட்டை, யோகட் கப், பழைய டயர், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, பூச்சாடி, வாழை மடல், மதிலில் குத்திய போத்தல் துண்டு, தளத்தில் கிடக்கும் பொலித்தீன் எல்லாம் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்பால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கிணற்றுக்கு நுளம்பு வலை போடுங்கள், இல்லையென்றால் கப்பி மீன் நாலைந்தை விட்டுவிடுங்கள், அவை புழுவைத் தின்று தீர்க்கும்.

குசினியும் அலுமாரியும்

அரிசி, பருப்பு, மா எல்லாம் மூடி இறுகிய தகரப் பேணியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ இருக்கட்டும். பைகளில் விட்டால் எலிக்கு விருந்து.

காஸ் சிலிண்டரில் அடுப்பை அணைப்பது போதாது, ரெகுலேட்டரைக் கழற்றி வாயை மூடியால் மூடி வைப்பதுதான் சரி. 2021 இறுதியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் நடந்த பிறகு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அலுமாரிக் கதவை மழைக் காலத்தில் இறுக்கிப் பூட்டினால் பட்டுச் சேலையில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பெறுமதியான பொருள் இல்லாத அலுமாரியைச் சற்றுத் திறந்தபடி விடலாம். சுவரில் ஒட்டி நிற்கும் மரத் தளபாடங்களை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் சுவரால் ஏறி வருவது அப்போதுதான் கண்ணில் படும். தோல் சப்பாத்தை வெளியே காற்றுப் படும் இடத்தில் வைப்பது நல்லது.

வெள்ளம் ஏறும் தாழ்ந்த பகுதி என்றால் மாரியில் போகும் முன் மெத்தை, புத்தகம், வோஷிங் மெஷின், தரையில் கிடக்கும் நீட்டிப்பு வயர் எல்லாம் மேசை மட்டத்துக்கு ஏற வேண்டும்.

நகையும் உறுதியும்

நகையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அரிசிப் பேணி, சாமிப்படத்தின் பின்பக்கம், மெத்தைக்கு அடி, பிரீசர் என்று நாம் ஒளிக்கும் இடங்கள் எல்லாம் திருட வருகிறவனுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். வங்கி லொக்கர் இருந்தால் சரி. லொக்கர் கிடைக்காதவர்கள் வங்கியில் மிகக் குறைந்த தொகைக்கு அடகு வைத்துவிட்டுப் போவதும் நம் ஊரில் பழைய வழக்கம். வட்டியைக் காவல் கூலி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். திரும்பி வந்து மீட்கும் திகதியை மட்டும் தவற விடாதீர்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பெறுபேற்றுப் பத்திரம் எல்லாம் ஒரே பையில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டோடு பத்திரங்களையும் இழந்து கச்சேரிக்கும் பதிவகத்துக்கும் அலைந்தன. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். மூலப் பத்திரங்களைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உயரமான இடத்தில், அல்லது மேட்டுப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். வீட்டுக் காப்புறுதி இருந்தால் அந்தப் பத்திரத்தை இந்தச் சாட்டில் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். வீடு நீண்ட நாள் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கு நட்டஈடு இல்லை என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

இப்போது பூட்டு

கடற்காற்றில் இரும்புப் பூட்டு ஒரு மாரியிலேயே துருப்பிடிக்கும். பித்தளை உடலும் துருப்பிடிக்காத வளையமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. புழுதியைப் பிடித்துக் களியாகிவிடும். தொங்கு பூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, கதவுப் பூட்டின் துவாரத்துக்குப் பென்சில் கரித்தூள். போவதற்குச் சில நாள் முன்பே செய்து, பூட்டித் திறந்து பாருங்கள்.

கேற்றுக்கு வெளியே பெரிய பூட்டைத் தொங்கவிடுவது பாதுகாப்பில்லை, அறிவிப்பு. உட்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி, பக்கக் கதவால் வெளியேறுவது மேல். முன்கதவை விடப் பின்கதவுதான் பலவீனம். குசினிக் கதவின் உள்தாழ்ப்பாள், குளியலறையின் சின்ன யன்னல், கிணற்றடிப் பக்கம் சாய்த்து வைத்த ஏணி, இவற்றைப் பாருங்கள். ஏணி, அலவாங்கு, மண்வெட்டி, கத்தி எல்லாம் வீட்டுக்குள் போக வேண்டும். கதவை உடைக்கும் சாமானை நாமே வாசலில் விட்டு வைக்கக் கூடாது.

வீடு ஆளில்லாமல் கிடக்கிறது என்பதைத் தெருவுக்குச் சொல்வது பூட்டு அல்ல, முற்றம். நம் வீடுகளில் காலையில் கூட்டித் தண்ணீர் தெளிப்பது வழக்கம். வேப்பிலை நாலு நாள் கூட்டாமல் கிடந்து, அதில் சைக்கிள் தடம் கூட இல்லாவிட்டால், போகிற எவனும் நின்று பார்ப்பான். விளக்குமாறு கீறிய வரி மண்ணில் தெரிந்தால் பார்க்காமல் போவான். அதனால்தான் அக்காவிடம் முற்றத்தை முதலாவதாகச் சொன்னது. பேப்பரை நிறுத்திவிடுங்கள். வாசலில் பழைய செருப்பு ஒரு சோடி கிடக்கட்டும், கொடியில் ஒரு துவாயை அக்கா மாற்றிப் போடட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பதால் ஒழுங்கையில் புது முகம் போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பகுதியினர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

படங்களைப் பேஸ்புக்கில் போட அவசரம் வேண்டாம். தேர்ப் படம் அடுத்த கிழமை போட்டாலும் தேர் தேர்தான். பிள்ளைகளின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போகும் ஓட்டோத் தம்பி "எத்தனை நாள் அண்ணை?" என்று கேட்டால் சும்மா பேச்சுக்குத்தான் கேட்பார், "அம்மா வீட்டில் நிற்கிறா, நாங்கள் கெதியா வந்திடுவம்" என்று சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் போகிறவர்கள் பொலிஸ் நிலையத்திலும் கிராம சேவகரிடமும் சொல்லி வைக்கலாம்.

வாகனம், நாய், பூங்கன்று

மோட்டார் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உறை போட வேண்டும். உப்போடு மூடினால் உறைக்குள்ளேயே துரு பிடிக்கும். மூன்று கிழமைக்கு மேல் என்றால் கார் பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றுங்கள். தென்னைக்குக் கீழே நிறுத்த வேண்டாம்.

நாயைக் கட்டிப்போட்டு விட்டு, சாப்பாடு மட்டும் யாராவது வைப்பார் என்று போவது பாவம். பழகிய வீட்டில் விடுங்கள். பூச்சட்டிகளை நிழலில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் குறைந்த தண்ணீரே போதும். ரோசா வைத்திருக்கும் நகரவாசிகள் கேற்றைச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது கள்ளனுக்காக மட்டுமல்ல. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் திறந்த கேற்றைக் கண்டால் உள்ளே வந்து பூங்கன்றை மொட்டையடித்துவிட்டுத்தான் போகும்.

கடைசி அரை மணித்தியாலம்

தண்ணீர் மீற்றரையும் மின்சார மீற்றரையும் போனில் படம் எடுங்கள். ஒவ்வோர் அறையையும் ஒரு சுற்று வீடியோ எடுத்துவிட்டால் பிறகு என்ன காணாமல் போனது என்று மூளையைக் கசக்கத் தேவையில்லை.

குப்பைப் பையைக் கேற்றில் கட்டித் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குப்பை எடுக்கும் ட்ரக்டர் அதன் நாளில்தான் வரும். அதற்கு முன் நாயும் காகமும் கிழித்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும், மான் வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்னும். அயலவரிடம் கொடுத்து அன்றைக்குப் போடச் சொல்லுங்கள்.

பயணத்துக்கு முன் சாமி அறையில் விளக்கேற்றிக் கற்பூரம் கொளுத்தும் வீடு என்றால் அதைப் பூட்டும் நேரத்துக்கு வைக்காமல் ஒரு மணித்தியாலம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். திரியை எண்ணெய்க்குள் இழுத்து அணைத்து, ஊதுபத்திச் சாம்பல் குளிர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, திரைச்சீலையைத் தள்ளிக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். விளக்கில்லாமல் வீட்டை விடுவது மனசுக்குச் சரியில்லை என்கிறவர்களுக்கு அந்தத் தானியங்கி எல்.ஈ.டி. பல்ப்பை அங்கே ஒன்று போட்டுவிடலாம்.

பிறகு வரிசையாக: காஸ், தண்ணீர் வால்வ், பிளக்குகள், யன்னல் கொக்கிகள், பின்கதவு, மெயின் அல்லது பிரேக்கர், முன்கதவு. பூட்டும்போது "பூட்டிட்டன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஹபரணை தாண்டியதும் "பூட்டினேனா?" என்று வரும் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும்

கதவு உடைபட்டிருந்தாலோ கேற் திறந்திருந்தாலோ உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஆள் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்று 119க்கு அழையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் லைட் சுவிச்சில் கை வைக்கும் முன் மூக்கால் பாருங்கள். காஸ் வாசம் அடித்தால் யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். வாசம் இல்லை என்றால் யன்னல்களைத் திறந்து, பிறகு மெயினைப் போடுங்கள். ட்ரிப் நிற்காமல் திரும்பத் திரும்ப விழுந்தால் வலுக்கட்டாயமாகத் தூக்கிப் பிடிக்காமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ஈரம் ஏறிய பிளக் பொயின்டோ எலி கடித்த வயரோ இருக்கும். சப்பாத்தையும் மூலையில் குவிந்த துணியையும் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பாம்பும் தேளும் அமைதியான இடத்தைத்தான் தேடும்.

மீற்றரடி வால்வைத் திறந்து, ஒவ்வொரு பைப்பிலும் சில நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். தாங்கியில் வெயிலில் கிடந்த தண்ணீர் குடிக்க உதவாது. எல்லாப் பைப்பையும் மூடியபின் தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். முள் இன்னும் அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது. போகும்போது எடுத்த படத்தோடு இலக்கங்களை ஒப்பிட்டால், வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் எவ்வளவு தண்ணீர், எத்தனை யூனிட் போயிருக்கிறது என்று தெரியும். பிரிட்ஜும் பல்பும் ஓடிய கணக்கை விட மின்சாரம் கூடியிருந்தால் அடுத்த நாளே எலக்ட்ரீசியனிடம் அந்தப் படங்களைக் காட்டி, நிலத்துக்குக் கசிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.